இரவுக் கலை பள்ளிக்கூடம் போன கதை

1880 வாக்கில் ஒகினாவாவில் ஒரு சிறுவனுக்குக் கராத்தே கற்கும் ஆசை வந்திருந்தால், அவன் போய்ச் சேர ஒரு வகுப்புகூட இருந்திருக்காது. சீருடை இல்லை, பெல்ட் இல்லை, முதல் மாதம் இது, மூன்றாம் மாதம் அது என்ற பாடத்திட்டமும் இல்லை. தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஓர் ஆசானின் வாசலை அடைய வேண்டும். அவர் மனம் வைத்தால் இரவில் வரச் சொல்வார். இன்று மதுரையிலோ சென்னையிலோ மொட்டைமாடியில் வெள்ளை பெல்ட் கட்டி, மாஸ்டர் எண்ண எண்ண முட்டியை நீட்டும் பிள்ளை ஆயிரமாண்டுப் பழக்கத்தைத் தொடர்வதாக நினைக்கலாம். ஆனால் அந்த வரிசை, அந்த எண்ணிக்கை, இடுப்பில் இருக்கும் பெல்ட், முதலில் கற்கும் சின்னக் கட்டா (வரிசைப்படுத்திய அசைவுகளின் தொடர்) எல்லாம் 1882க்குப் பிறகு வந்தவை. அவற்றைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். கராத்தே வரலாற்றில் மாவீரர் கதைகளுக்குப் பஞ்சமில்லை. புதிதாக வந்து நிற்கும் மாணவனைப் பற்றிக் கவலைப்பட்டவர்களின் கதைதான் குறைவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

பழைய முறை எப்படி இருந்தது என்பதை ஃபுனாகோஷி கிச்சின் எழுதியே வைத்திருக்கிறார். 1868இல் ரியூக்யூ அரசின் தலைநகரான ஷூரியில் பிறந்தவர். குறைமாதக் குழந்தை, நோஞ்சான். பள்ளித் தோழன் ஒருவனின் தந்தை அசாட்டோ அன்கோ ஊரறிந்த வித்தைக்காரர். அவரிடம் கற்கக் கைவிளக்கோடு இரவில் நடந்து போவான் பையன். அசாட்டோ தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். முற்றத்தில் இவன் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விளக்கம் எதுவும் வராது. இன்னொரு தரம் செய் என்பார், அவ்வளவுதான். அவருக்குத் திருப்தி வரும்வரை அடுத்த கட்டா என்ற பேச்சே கிடையாது. மூன்று நைஹான்ச்சி கட்டாக்களைக் கற்கப் பத்தாண்டுகள் ஆனதாக ஃபுனாகோஷி பின்னாளில் சொன்னார். விடிகிற நேரத்தில் களைத்துப்போய் வீடு திரும்பும் அவரைக் கண்ட அக்கம்பக்கத்தார், தாசி வீட்டுக்குப் போய் வருகிறான் என்று பேசிக்கொண்டார்களாம்.

துறைமுக நகரான நாஹாவிலும் இதே கதைதான். அங்கே ஹிகாவொன்னா கன்ரியோவிடம் 1902இல் பதினான்கு வயதில் சேர்ந்த மியாகி சோஜுனுக்கு முதல் சில ஆண்டுகள் முழுக்கச் சான்ச்சின் என்ற ஒரே கட்டா. அதோடு ஜாடிகளை வாய்ப்பகுதியில் விரல்களால் பிடித்துத் தூக்கி நடக்கும் பயிற்சி. இந்த முறை சிலரை ஒப்பற்ற ஆசான்கள் ஆக்கியது, மறுக்க முடியாது. ஆனால் ஓர் ஆசானுக்கு எத்தனை மாணவர்கள் கிடைத்திருப்பார்கள்? ஆர்வத்தோடு வந்து, ஒரு கட்டாவிலேயே பல வருடம் நின்று சலித்துப் போனவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இதை மாற்றியவர் இட்டோசு அன்கோ. 1831இல் பிறந்தவர், ரியூக்யூ அரசில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1879இல் ஜப்பான் அந்த அரசை ஒழித்து ஒகினாவாவைத் தன் மாகாணம் ஆக்கிக்கொண்டது. பிறகு கட்டாயக் கல்வி வந்தது. 1898இல் கட்டாய ராணுவ சேவையும் வந்தது. பிள்ளைகளின் உடல்வலிமை திடீரென்று அரசாங்க விஷயம் ஆயிற்று. 1901இல், எழுபது வயதில், இட்டோசு ஷூரியின் தொடக்கப் பள்ளி ஒன்றுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனார். 1905இல் மாகாணத்தின் முதல் நடுநிலைப் பள்ளியிலும் கற்பிக்கத் தொடங்கினார். இரவு பகலாயிற்று, முற்றம் பள்ளி மைதானமாயிற்று.

ஐம்பது பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில் அசாட்டோவைப் போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இட்டோசு ஐந்து புதிய கட்டாக்களை அமைத்தார். அவற்றின் பெயர் பினான். பழைய கட்டாக்களில், முக்கியமாகக் குஷாங்குவில், வரும் அசைவுகளை எடுத்துச் சிறு சிறு பாடங்களாக்கினார். எவ்வளவு சிறியவை என்பதை எண்ணிக்கையே காட்டும். குஷாங்குவின் வழிவந்த கங்கு டாய்க்கு, ஃபுனாகோஷியின் வழிவந்த ஷோட்டோகான் பள்ளியின் கணக்கில், 65 அசைவுகள். வெள்ளை பெல்ட் மாணவன் கற்கும் ஹெயான் ஷோடானுக்கு 21. ஹெயான் என்பது, இட்டோசுவிடமும் கற்ற ஃபுனாகோஷி பினானுக்குச் சூட்டிய பெயர். இட்டோசு இரண்டாவதாக வைத்திருந்ததுதான் எளிது என்பதால் அதை முதலாவதாக மாற்றியவரும் அவரே. ஓர் ஆசிரியர் எழுதிய பாடநூலை அவர் மாணவர் திருத்தி, எளிய பாடத்தை முன்னே நகர்த்தியது போன்ற வேலை இது. சண்டைக் கலையின் வரலாற்றில் இப்படிப்பட்ட அக்கறையைக் காண்பது அபூர்வம்.

1908 அக்டோபரில் இட்டோசு மாகாணக் கல்வித் துறைக்குப் பத்து அம்சங்கள் கொண்ட கடிதம் ஒன்றை எழுதினார். வைக்கோல் சுற்றிய பலகையான மகிவாராவை ஒரு கைக்கு நூறு, இருநூறு தடவை குத்திப் பழக வேண்டும் என்கிறது அது. தினமும் சிறிது நேரம் பழகினால் மூன்று நான்கு ஆண்டுகளில் உடம்பே வேறாகிவிடும் என்கிறது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இதைக் கற்பித்தால் அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பரப்புவார்கள், பத்தாண்டுகளில் நாடு முழுக்கச் சென்றுவிடும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. கணக்கு ஏறக்குறைய பலித்தது. 1922இல் டோக்கியோவில் கல்வித் துறை நடத்திய கண்காட்சிக்குக் கராத்தேயோடு போய் இறங்கியவர், அதற்குள் ஐம்பதைத் தாண்டிவிட்ட பள்ளி ஆசிரியர் ஃபுனாகோஷி.

டோக்கியோவில் அவருக்கு ஆதரவு தந்தவர் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. அவரும் கல்வியாளர். 1882இல் கோயில் ஒன்றில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர். பழைய ஜுஜுட்சு பள்ளிகளில் பல்லாண்டு உழைத்த பிறகே தேர்ச்சிச் சான்றான சுருள் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் மாணவனுக்குக் கிட்டத்தில் ஓர் இலக்கு வேண்டாமா என்று யோசித்த கானோ, 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் ‘டான்’ நிலையை அளித்தார். கறுப்பு பெல்ட் அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. ஃபுனாகோஷி அந்த முறையைக் கராத்தேக்குள் எடுத்துக்கொண்டு 1924இல் தம் முதல் கறுப்பு பெல்ட்டுகளை வழங்கினார். உடையும் ஜூடோவைப் பார்த்தே அமைந்தது.  மஞ்சள், பச்சை, நீலம் என்று வண்ண பெல்ட்டுகள் பெருகியது ஐரோப்பாவில். 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிக்கினோசுகே அவற்றைப் பரப்பினார்.

இழப்பு இல்லாமல் இதெல்லாம் நடக்கவில்லை. ஒகினாவாவின் மரபு ஆசான்கள் பலர் இன்றும் குறைப்படுவது இதைத்தான்: பள்ளிக்கூடத்துக்குப் போன கராத்தேயில் பிடிகள், மூட்டைத் திருகும் உத்திகள், ஓர் அசைவு உண்மையில் எதற்கு என்ற விளக்கம் ஆகியவை பின்னுக்குப் போய்விட்டன. குறை நியாயமானதே. பத்து வயதுப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் இடத்தில் எதிராளியின் கழுத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர முடியாது என்பதும் நியாயமே. கேடு வேறு பக்கத்திலிருந்து வந்தது. கராத்தே பழகிய பிள்ளைகள் பின்னாளில் ராணுவத்துக்கு உதவுவார்கள் என்றும் அந்த 1908 கடிதம் சொன்னது. 1945இல் ஒகினாவாப் போர் மூண்டபோது, இட்டோசு கற்பித்த அதே நடுநிலைப் பள்ளியின் மாணவர்களைப் பதினான்கு வயதிலிருந்தே படைப்பிரிவில் சேர்த்தார்கள். பலர் திரும்பவில்லை. டோக்கியோவில் ஃபுனாகோஷியின் பயிற்சிக்கூடமும் அந்த ஆண்டு குண்டுவீச்சில் எரிந்தது.

போருக்குச் சற்று முன், 1940இல், தொடக்க மாணவர்களுக்கான பொதுக் கட்டாவை அமைக்க மாகாண நிர்வாகம் முயன்றது. அதில் பங்கேற்றவர்களில் ஒருவர், ஒரே சான்ச்சினோடு ஆண்டுகளைக் கழித்த மியாகி சோஜுன். கெகிசாய் என்ற எளிய கட்டாவை அவர் உருவாக்கினார். அவர் வழிவந்த கோஜு ரியூ பள்ளிகளில் இன்றும் புதிய மாணவனின் தொடக்கப் பாடங்களில் அது உண்டு. தாம் பட்ட பாட்டை அடுத்தவனும் படட்டும் என்று அவர் நினைக்கவில்லை; சான்ச்சினைக் கைவிடவும் இல்லை. எளியதை முன்னே வைத்தார், கடினமானதை அதன் பின்னே வைத்தார்.

2021 ஆகஸ்ட் 6 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டா பிரிவில் தங்கம் வென்றவர் கியுனா ரியோ. ஒகினாவாவில் பிறந்த ஒருவர் ஒலிம்பிக் தங்கம் பெற்றது அதுவே முதல் முறை. அவர் கராத்தே பழகத் தொடங்கியது ஐந்து வயதில்.