ஒரு பவுண்டுக்கு விலைபோன சமையலறைக் கடை

வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கிச்சன் அலமாரி வாங்க நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் இல்லையா? அந்த ஒப்பிடுதலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ரொம்பவும் ருசியான பகுதி நடந்தது இங்கிலாந்தில். பி.காம். படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு சின்ன முன்கதை. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக்கலைஞர், நகராட்சிக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஒரே அளவு, ஒரே மாதிரி அலமாரிகள். சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். வாங்கியது நகராட்சி, சமைத்தது வாடகைக்காரர். எந்தக் கடை நல்ல கடை என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

கேள்வி எழுந்தது, அலமாரி பெட்டிக்குள் மடங்கி வந்த பிறகுதான். 1964-ல் பிரிட்டனில் எம்.எஃப்.ஐ. என்றொரு நிறுவனம் தொடங்கியது. முல்லார்ட் ஃபர்னிச்சர் இண்டஸ்ட்ரீஸ் என்பதன் சுருக்கம். தபால் மூலம் மரச்சாமான் விற்றவர்கள், 1970-களில் ஊருக்கு வெளியே பெரிய பெரிய கிடங்குகளைத் திறந்தார்கள். காரில் போ, பலகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வா, வீட்டில் நீயே திருகு முடுக்கிக்கொள்! பொருத்தும் கூலியும் டெலிவரி செலவும் வாங்குபவர் தலையில். அதனால் விலை குறைவு. 1925-ல் லிவர்பூலில் பிறந்த ஹைஜீனா என்ற பழைய சமையலறைப் பெயரும் பின்னாளில் இவர்கள் கைக்கு வந்தது. சாதாரணக் குடும்பங்களும் புது கிச்சன் பற்றி யோசிக்க முடிந்தது என்றால், அதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறுக்கக்கூடாது.

ஆனால் இவர்கள் கடையில் எப்போது பார்த்தாலும் தள்ளுபடி! ஆடித் தள்ளுபடியாவது ஒரு மாசம். அங்கே வருஷம் முழுக்க. பாதி விலை என்று எழுதியிருந்தால் எதில் பாதி? மற்ற கடைகளோடு ஒப்பிட நினைத்தவருக்கு முதல் தலைவலி இதுதான்.

இரண்டாவது தலைவலி 1995-ல் வந்தது, அதுவும் எம்.எஃப்.ஐ. வீட்டுக்குள்ளிருந்தே. மேத்யூ இங்கிள் என்பவர் தலைமையில் ஹௌடன்ஸ் என்ற கிளை நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். இது பொதுமக்களுக்கு விற்காது. சின்ன சின்ன கட்டிட வேலைக்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் மட்டும்தான். சாமான் எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும், அலமாரி பூட்டிய நிலையிலேயே வரும், பணம் கட்டத் தவணையும் உண்டு. அதாவது மேஸ்திரி வேலையை முடித்து, வீட்டுக்காரரிடம் காசு வாங்கி, அப்புறம் டிப்போவுக்குக் கொடுத்தால் போதும். விலையோ ஆளுக்கு ஆள் பேசி முடிப்பது. வீட்டுக்காரர் போய் டிசைனைப் பார்க்கலாம், கதவைத் திறந்து மூடலாம். மேஸ்திரிக்கு என்ன விலை என்பது மட்டும் தெரியாது!

இப்போது மூன்று கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். ஒன்று எந்நேரமும் தள்ளுபடியில் இருக்கும் விலை. இன்னொன்று மேஸ்திரியின் லாபமும் உள்ளே ஒளிந்திருக்கும் விலை. மூன்றாவது 1987-ல் வாரிங்டனில் முதல் கடை திறந்து பிரிட்டனுக்குள் வந்த ஐக்கியாவின் விலை: வெளிப்படையானது, ஆனால் பூட்டுகிற வேலை தனி. மூன்றையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? காஸ்ட் ஷீட் போடத் தெரிந்த நமக்கே தலை சுற்றும்.

எம்.எஃப்.ஐ.க்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 2004-ல் சரக்கு அனுப்புவதற்குப் புதுக் கணினி முறை கொண்டுவந்தார்கள். அது சொதப்பியது. டெலிவரிகள் குளறுபடியாகி, லாபம் குறையும் என்று பங்குதாரர்களை எச்சரிக்க வேண்டிய நிலை. 2006-ல் இருநூறுக்குச் சற்றுக் குறைவான கடைகள் கொண்ட அந்தச் சில்லறை வியாபாரத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். விலை ஒரு பவுண்டு. ஆமாம், ஒன்றே ஒன்று! அதோடு விற்றவர்களே பல மில்லியன் பவுண்டுகளைச் சீர்வரிசை மாதிரி சேர்த்துக் கொடுத்தார்கள். ஹௌடன்ஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தாய்க் கம்பெனி தன் பெயரை காலிஃபார்ம் என்று மாற்றிக்கொண்டது.

2008 நவம்பர் 26 அன்று எம்.எஃப்.ஐ. நொடித்துப் போனது. அடுத்த மாதமே கடைகளுக்குப் பூட்டு. சமையலறைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பழைய அலமாரியைப் பிடுங்கிப் போட்டவர் வீட்டில் அடுப்பு எங்கே எரியும்?

கம்பெனி லாவில் கலைப்பின்போது யாருக்கு முதலில் பணம் என்ற வரிசையை மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர்கள் முன்னே. முன்பணம் கட்டிய வாடிக்கையாளரோ பிணையற்ற கடனீந்தோர், கிட்டத்தட்ட வரிசையின் கடைசி. பரீட்சைக்கு எழுதும்போது அது வெறும் ஐந்து மார்க். அங்கே அது ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

தப்பித்தவர்களும் உண்டு. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை கிரெடிட் கார்டில் வாங்கினால், கடைக்காரரோடு சேர்ந்து கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் செல்லும். ஆக ஒரே கடையில், ஒரே அலமாரியை, ஒரே விலைக்கு வாங்கிய இருவரில் கார்டில் கட்டியவர் மீண்டார். காசோலை கொடுத்தவர் நஷ்டஈட்டு வரிசையில் கடைசியில் நின்றார். எந்தக் கொட்டேஷனிலும் இந்த வித்தியாசம் எழுதியிருக்காது.

விற்றுத் தலைமுழுகியதாக நினைத்த தாய்க் கம்பெனியும் முழுசாகத் தப்பவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. எம்.எஃப்.ஐ. விழுந்ததும், பழைய கடைகள் பலவற்றின் குத்தகைப் பொறுப்பு காலிஃபார்மிடமே திரும்பி வந்தது. அதையும் தாங்கிக்கொண்டு, 2010-ல் ஹௌடன் ஜாய்னரி என்று பெயர் மாற்றி நிமிர்ந்தார்கள். ஹைஜீனா என்ற பெயரை 2009-ல் ஆர்கோஸ் கடைகளை நடத்திய குழுமம் வாங்கியது. பெயர் பிழைத்துக்கொண்டது. பழைய வாடிக்கையாளருக்கு அதனால் ஒரு கீல் கூடக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

திவாலாகாத கடையில் வாங்கினால் கவலை இல்லையா என்றால், ஐக்கியா கதை வேறு விதம். பல வருடம் விற்ற ஃபக்தும் வரிசையை நிறுத்திவிட்டு, 2013-14 வாக்கில் மெதோத் என்ற புது வரிசையைக் கொண்டுவந்தார்கள். அடி அலமாரியின் உயரம் 70 சென்டிமீட்டரிலிருந்து 80 ஆனது. பழைய கூட்டுக்குப் புதுக் கதவு சேராது. கம்பெனி கல்லு மாதிரி நிற்கிறது, ஆனால் ஒரே ஒரு கதவு உடைந்த வீட்டுக்காரர் பழைய ஸ்டாக் யாரிடம் கிடைக்கும் என்று தேடி அலைந்தார்!