தொகுத்தவன், தொகுப்பித்தவன்

இந்தப் பத்திரிகையில் இதுவரை வந்த கவிதைகளிலிருந்து ஒரு தொகுப்பு தயாரிக்கும் வேலை போன மாதம் என் தலையில் விழுந்தது. அச்சுச் செலவை ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்குப் பின்னட்டையில் அவர் கடைப் பெயர் வரவேண்டும். நம்மில் இரண்டு பேருக்கு இதில் சம்மதமில்லை. "சேலை வாங்கினால் பையில் போட்டுத் தருகிற புஸ்தகமா இது?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதிலைத் தேடிப் போய் நான் சேர்ந்த இடம் ஒரு சிகரெட் கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டு. அந்த இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1963க்குப் பிறகு, பீட்டில்ஸ் பெற்ற வெற்றியைப் பார்த்து, இங்கிலாந்தின் ஒவ்வொரு தொழில் நகரத்திலும் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம். இதற்கு பீட் என்று பெயர். லண்டனில் இதோடு ஒட்டிக்கொண்டு மாட் என்று ஒரு கூட்டம். கடைச் சிப்பந்திகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள். வாரச் சம்பளத்தை அளவெடுத்துத் தைத்த கோட்டிலும், இத்தாலிய ஸ்கூட்டரிலும், அமெரிக்கக் கறுப்பர்களின் இசைத்தட்டுகளிலும் செலவழித்தவர்கள். தி ஹூ, ஸ்மால் ஃபேசஸ், கிங்க்ஸ் போன்ற பெயர்கள் நமக்கும் எட்டியிருக்கின்றன. இவர்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்தன. கம்பெனிகள் இவர்களைக் கூப்பிட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டாக 45 சுற்றுத் தட்டு ஒன்றைப் போடும். விற்றால் இன்னொன்று. விற்காவிட்டால் பையன்கள் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான். லிவர்பூலின் விம்பிள் விஞ்ச் என்ற குழு இப்படித்தான் மறைந்தது. தி கிரியேஷன் என்ற குழுவின் எடி பிலிப்ஸ் 1966இல் வயலின் வில்லை எடுத்து மின்கிட்டாரின் தந்திகளில் இழுத்தார். அந்தக் குழுவுக்கும் சொந்த ஊரில் பெரிய பெயர் வரவில்லை.

இவர்கள் திரும்பி வந்தது தொகுப்புகள் மூலமாக. முதலில் வழி காட்டியது ஓர் அமெரிக்கத் தொகுப்பு. 1972இல் லென்னி கே என்பவர் 27 பாடல்களைச் சேர்த்து 'நகெட்ஸ்' என்று இரட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். அவர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். பத்திரிகைகளில் விமர்சனம் எழுதியவர். (இந்தத் தகவலை நான் சற்று ஆசையோடுதான் இங்கே சேர்க்கிறேன்.) இங்கிலாந்தில் 1984இல் பில் ஸ்மீ என்பவரின் பாம் கருஸோ என்ற சிறு ஸ்தாபனம் 'ரபிள்' என்ற வரிசையைத் தொடங்கியது. ரபிள் என்றால் இடிபாட்டுக் கல். மொத்தம் 20 தொகுதிகள். யாருக்கும் வேண்டாமல் போன தட்டுகளைத் தேடி எடுத்து வரிசைப்படுத்திய பிறகு, இந்தச் சங்கீதத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பில் ஸ்மீ 'ஃப்ரீக்பீட்' என்று வைத்தார். 1966இல் இதை வாசித்த எவனுக்கும் தான் ஃப்ரீக்பீட் வாசிப்பது தெரியாது. அது பிறந்தது 1980களில், ஒரு தொகுப்பாளனின் மேஜையில்.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. குறுந்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார். இவையெல்லாம் பெற்றோர் வைத்த பெயர்களா? பாட்டு கிடைத்தது, பாடியவன் பெயர் கிடைக்கவில்லை, பாட்டிலிருந்த ஒரு சொற்றொடரை எடுத்து ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பத்துப் பாட்டுகளுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. பாட்டுக்குக் கீழே கூற்றும் துறையும் குறித்தவர்கள் பாடியவர்கள் அல்ல, பின்னால் வந்தவர்கள். எட்டுத்தொகை என்று நாம் பெருமைப்படுவது தொகுப்பாளர்களின் காரியம். அதிலும் தமிழ் மரபு ஒரு நுட்பமான பேதம் வைத்திருக்கிறது: தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேரன். ஒருவர் கையில் ஏடு, இன்னொருவர் கையில் பணம். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று தெரிகிறது. பணம் கொடுத்தவன் யார் என்று தெரியவில்லை. அதனால் குறுந்தொகைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இனி அந்த சிகரெட் கம்பெனி. 1910இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி 1960களின் கடைசியில் சிம்லா என்ற தன் சிகரெட்டை இளைஞர்களிடம் கொண்டுசெல்ல ஒரு வழி கண்டுபிடித்தது. அகில இந்திய பீட் இசைப் போட்டி. நம் பெருநகரங்களின் பையன்கள் இலங்கை வானொலியில் ஆங்கிலப் பாட்டு கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்த காலம். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நல்ல கிட்டார் கிடைப்பது குதிரைக் கொம்பு. கல்லூரி விழாக்களிலும் நடனக் கூடங்களிலும் வாசித்துக்கொண்டிருந்த இவர்களுக்கு இசைத்தட்டுக் கம்பெனி வாசல் திறக்கவில்லை. சிகரெட் கம்பெனி திறந்தது. போட்டியில் தேறிய குழுக்களின் பாட்டுகள் 'சிம்லா பீட்' என்ற பெயரில் 1970க்கு ஒன்று, 1971க்கு ஒன்று என இரண்டு தட்டுகளாக வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர், இன்னும் கன்ஃப்யூஷன்ஸ், ஹிப்னாடிக் ஐ, பிளாக் பீட்ஸ் என்று பல குழுக்கள். பிளாக் பீட்ஸ் பாட்டின் பெயர் 'தி மாட் டிரேட்'. ஃபென்டோன்ஸ் 'சிம்லா பீட் தீம்' என்றே ஒன்று வாசித்திருக்கிறார்கள். பாடாண் திணை. புரவலன் சிகரெட்டாக இருந்தால் என்ன, பரிசில் பரிசில்தானே. இதில் ஒரு சரித்திரக் குறும்பும் உண்டு. முதல் தட்டின் ஆண்டான 1970லேயே கம்பெனி தன் பெயரிலிருந்த இம்பீரியலை எடுத்துவிட்டு இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆயிற்று.

தட்டுகள் மறக்கப்பட்டன. பின்னாளில் ஜெர்மனியில் ஒரு ஸ்தாபனம் இரண்டையும் சேர்த்துக் குறுந்தகடாக வெளியிட்டது. அதன் பிரதி ஒன்றை நண்பர் ஒருவர் பென்டிரைவில் தந்தார். செய்யாரில், கிளை மூடிய பிறகு, கணக்கு ஒத்துவராத ஒரு சாயங்காலம் முதன்முதலாகக் கேட்டேன். பதிவு சுமார்தான். டிரம் தகரம்போல ஒலிக்கிறது. சில பாட்டுகள் அமெரிக்கப் பாட்டுகளின் அச்சு அசல் நகல்கள். ஆனால் அங்கங்கே ஒரு பையன் தான் கேட்டதை மறந்து தனக்குத் தோன்றியதை வாசிக்க ஆரம்பிக்கிறான். அந்த அரை நிமிஷம் யாருடைய நகலும் அல்ல. நான் மறுபடி மறுபடி கேட்பது அந்த அரை நிமிஷங்களுக்காகத்தான்.

நகல் என்ற குற்றச்சாட்டு நமக்குப் பழக்கமானது. சி. சு. செல்லப்பா 1962இல் 'எழுத்து' கவிதைகளிலிருந்து 24 பேரின் 63 கவிதைகளைத் தேர்ந்து 'புதுக்குரல்கள்' கொண்டுவந்தபோது, எலியட்டையும் பவுண்டையும் பார்த்து எழுதியது என்று சொல்லாத பண்டிதர் குறைவு. வடிவம் வெளியிலிருந்து வந்தது என்பதில் பொய் இல்லை. வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. லண்டன் மாட் பையன் ஓட்டிய அதே லாம்ப்ரெட்டாவின் இயந்திரங்களை இத்தாலியிலிருந்து வாங்கி, 1972இல் தொடங்கிய அரசு ஸ்தாபனம் லக்னோவில் விஜய் சூப்பர் செய்தது. அது நம் தெருவில் முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, காலடியில் காய்கறிப் பை என்று குடும்ப வண்டியாயிற்று. அதை யாரும் மாட் என்று சொல்ல மாட்டார்கள். புதுக்கவிதை தமிழில் எழுதப்பட்டதால் அந்த மாற்றம் அதற்கு நேர்ந்தது. சிம்லா பீட் பையன்கள் ஆங்கிலத்தை விடவில்லை. அவர்கள் நின்றுபோனதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் பீட் தாளம் சினிமாவுக்குள்தான் நுழைந்தது. 1964இல் 'காதலிக்க நேரமில்லை'யிலேயே மெல்லிசை மன்னர்கள் அதைத் தமிழாக்கிவிட்டார்கள். சினிமாவுக்கு வெளியே நின்று தமிழில் பாடத் துணிந்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தை எடுத்துக்கொண்டு பொப்பிசை என்று ஒன்றை உண்டாக்கினார்கள். நம் தமிழாசிரியர்கள் அதையும் இலக்கியம் என்று ஒப்பவில்லை. கல்யாண வீடுகள் ஒப்புக்கொண்டன.

இதை எழுதும்போது ஆரணி நண்பரிடம் ஒரு சேலையைக் காட்டி, "இது காஞ்சிபுரம் டிசைன்தானே?" என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. "டிசைன் அங்கருந்து வந்ததுதான் சார். நெய்தது நம்ம ஆளு. தூக்கிப் பாருங்க, கனம் வேற" என்றார். தூக்கிப் பார்த்தேன். வேறாகத்தான் இருந்தது.

2001இல் அமெரிக்காவின் ரைனோ ஸ்தாபனம் நான்கு குறுந்தகடுகளில் இரண்டாம் 'நகெட்ஸ்' வெளியிட்டது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கிடைத்தவை என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டது. நெதர்லாந்து இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது, பிரேஸில், பெரு, உருகுவே இருக்கின்றன. இந்தியக் குழு ஒன்றும் இல்லை. சாம்ராஜ்யம் என்று சொல்லிவிட்டு இந்தியாவை விட்டால் பிறகு என்ன சாம்ராஜ்யம்? சதி என்று சொல்லவில்லை. தொகுத்தவர்கள் கைக்கு எட்டாதது இல்லாததாகிவிடுகிறது, அவ்வளவுதான். தொகுப்பு ஒன்றைக் காப்பாற்றும்போதே இன்னொன்றைப் புதைக்கிறது. காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல ஆள் உண்டு. புதைத்ததைக் கேட்க ஆள் கிடையாது.

ஆகவே என் வேலைக்கு வருகிறேன். பணம் யாருடையது என்பது பற்றி இனி எனக்குக் கலவரமில்லை. செல்லப்பா தானே தொகுத்து, தானே தொகுப்பித்து, புஸ்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். அந்த உடம்பும் அந்தப் பிடிவாதமும் எனக்கு இல்லை. சிகரெட் விளம்பரத்துக்காகப் போட்ட தட்டில் சிகரெட் புகைந்து முடிந்துவிட்டது. புகையிலைக் கம்பெனிகள் விளம்பரம் செய்யவும் விழாக்களுக்குப் பணம் கொடுக்கவும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. இன்று அந்தப் போட்டியை நடத்தவே முடியாது. மிஞ்சியிருப்பது அந்த அரை நிமிஷங்கள். பின்னட்டையில் பட்டுக்கடை இருக்கட்டும். உள்ளே 'தீம்' மட்டும் யாரும் எழுதித் தரக் கூடாது.

எனக்குக் கலவரம் தருவது வேறு. நம் பழைய இதழ் ஒன்றில் 14 வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. எழுதியவர் அதற்கு முன்பும் பின்பும் இங்கே எழுதவில்லை. பெயர் புனைபெயர். விலாசம் எழுதிய உறை கரையானுக்குப் போயிற்று. கவிதை நன்றாக இருக்கிறது; நம்மில் நாலு தொகுதி போட்டவர்களின் பல கவிதைகளைவிட நன்றாக இருக்கிறது. இதைச் சேர்த்தால் தெரிந்த ஒருவரின் கவிதை ஒன்று வெளியே போகவேண்டும். அவர் என்னோடு பேசமாட்டார். சேர்க்காவிட்டால் எதுவும் நடக்காது. யாருக்கும் தெரியாது.

சேர்த்துவிட்டேன். எந்தக் கட்சி, எந்த இயக்கம், எந்த வகை என்று அதன் கீழே நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. ஃப்ரீக்பீட் என்று பெயர் வைக்கிற ஆசை எனக்கும் உண்டுதான், அடக்கிக்கொள்கிறேன். புனைபெயர், இதழ், மாதம், ஆண்டு. உறையின் மூலையில் கரையான் விட்டுவைத்த தபால் முத்திரையில் 'போளூர்' என்று பாதி எழுத்து தெரிகிறது. அதையும் போடுகிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது ஆளைத் தெரிந்தால் எழுதுங்கள். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.