கடுங்குளிரும் பாடசாலைக் கதவும்: அமெரிக்கப் பெருஞ்சமவெளி தரும் வரலாற்றுப் பாடம்

கடுங்குளிர் நிலவும் நாட்களிற் பாடசாலைகளைத் தாமதித்துத் தொடங்குவதா, முற்றாக மூடுவதா, அன்றி வழமைபோல் நடத்துவதா என்னும் வினா, முதற் பார்வைக்கு ஒரு சிறு நிர்வாகச் சிக்கலாகவே தோன்றும். வெப்பமானியை நோக்கி விடை கூறிவிடலாம் என எண்ணுவோரும் உளர். ஆயின், இவ்வினா உயிர்ப்பிரச்சினையாக எழுந்த இடங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து, அதனுள் வேறு மூன்று வினாக்கள் அடங்கியிருத்தல் புலனாகும். தீர்மானிப்பவர் யார்? அவருக்குக் கிடைக்கும் தகவல் எத்தகையது? தீர்மானம் பிழைக்குமாயின் அதன் விலையைச் செலுத்துபவர் யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியிற் பரந்து கிடக்கும் பெருஞ்சமவெளி இவ்வினாக்களுக்கு விடை தேடுவதற்கு ஏற்ற களமாகும். அங்கு 1888 ஆம் ஆண்டு நிகழ்ந்த பேரழிவு தொடக்கம் அண்மைக்கால விவாதங்கள் வரை நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

குளிர்காலமே கல்விக்காலம்

1862 ஆம் ஆண்டின் குடிநிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கியிருந்து பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்க வழிசெய்தது. இதனைத் தொடர்ந்து நோர்வே, சுவீடன், ஜேர்மனி முதலிய நாடுகளிலிருந்தும், உருசியப் பேரரசில் வாழ்ந்த ஜேர்மன் மொழியினரிடையேயிருந்தும் பெருந்தொகையானோர் நெப்ராஸ்காவிலும் டகோட்டா ஆள்புலத்திலும் குடியேறினர். மரம் அரிதான அந்நிலத்திற் புற்கரணையை வெட்டியெடுத்துச் சுவரெழுப்பி அவர்கள் வாழ்ந்தனர். எரிபொருளும் அரிதே. நிலக்கரி வாங்க இயலாதோர் முறுக்கிய வைக்கோலையும் சோளப்பொத்தியின் சக்கையையும் உலர்ந்த சாணத்தையும் எரித்தனர்.

அவர்கள் எழுப்பிய பாடசாலைகள் பெரும்பாலும் ஓரறைக் கட்டடங்களாகும். ஆறு வயதுக் குழந்தையும் பதினாறு வயது இளைஞனும் ஒரே அறையிலிருந்து கற்றனர். கற்பித்தோரிற் பலர் இருபது வயதையும் எட்டாத இளம் பெண்கள். இங்கு கவனிக்கத்தக்க உண்மையொன்றுண்டு. வளர்ந்த பிள்ளைகள் உழவுக்காலத்திலும் அறுவடைக்காலத்திலும் வயலை விட்டு அகல இயலாதவர்கள். நிலம் உறைந்து ஏர் ஓய்ந்த பின்னரே அவர்கள் ஏட்டைத் திறக்க முடிந்தது. எனவே குளிர்காலம் கல்விக்கு இடையூறான காலம் அன்று. உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதுவே கல்விக்காலம். குளிருக்கு அஞ்சிக் கதவடைத்தலென்பது அத்தகையோர்க்குக் கல்வியையே மறுப்பதாக முடிந்திருக்கும். குளிரிலும் பாடசாலையை நடத்தும் பிடிவாதத்தின் வேர் இப்பொருளாதார நிலையிலேயே உள்ளது.

1888 ஜனவரி 12

அவ்வாண்டு ஜனவரி 12 ஆம் நாள் வியாழக்கிழமை. பல நாட்கள் நீடித்த கடுங்குளிரின் பின் அன்று காலை வெப்பநிலை எதிர்பாராவண்ணம் உயர்ந்திருந்தது. நாட்கணக்கில் வீட்டினுள் அடைபட்டிருந்த பிள்ளைகள், தடித்த மேலங்கிகளை விடுத்து மகிழ்வுடன் பாடசாலைக்குச் சென்றனர். பெரியோர் கால்நடைகளை வெளியே விட்டனர். சிலர் தொலைவிலுள்ள வைக்கோலை ஏற்றிவரப் புறப்பட்டனர்.

வடமேற்கிலிருந்து வந்த குளிர்முகப்பு முன்னறிகுறி எதுவுமின்றித் தாக்கிற்று. டகோட்டாவின் பல பகுதிகளை நண்பகலை அண்டியும், கிழக்கு நெப்ராஸ்காவைப் பாடசாலை விடும் வேளையாகிய பிற்பகல் மூன்று மணியளவிலும் அது அடைந்தது. மாவைப்போல் நுண்ணிய பனித்துகள் காற்றிற் கலந்து கண்களை மூடிற்று. நீட்டிய கையைக்கூடக் காண இயலவில்லை எனத் தப்பியோர் கூறினர். இரவுக்குள் வெப்பநிலை பல இடங்களிற் பூச்சியத்துக்குக் கீழ் 29 பாகை செல்சியசுக்கும் தாழ்ந்தது. இறந்தோர் தொகை 235 எனப் பொதுவாகக் கூறப்படும். 2004 ஆம் ஆண்டில் இந்நிகழ்வைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட டேவிட் லாஸ்கின், அத்தொகை இன்னும் கூடுதலாயிருக்கலாமெனக் கருதுகின்றார். மாண்டோருட் பலர் பாடசாலையிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளாதலின், இப்புயல் ‘சிறுவர் பனிப்புயல்’ என்றே பெயர்பெற்றது.

அன்று ஒவ்வோர் ஓரறைப் பாடசாலையிலும் ஓர் ஆசிரியர், எவரிடமும் ஆலோசனை கேட்க வழியின்றி, சில நிமிடங்களுள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நெப்ராஸ்காவின் மைரா பள்ளத்தாக்கிற் கற்பித்த மின்னி ஃபிறீமன் என்னும் இளம் ஆசிரியை, கூரையைக் காற்றுப் பெயர்த்தெடுத்தமையால் மாணவரை அழைத்துக்கொண்டு ஏறத்தாழ அரை மைல் தொலைவிலுள்ள வீடொன்றை அடைந்தார். அனைவரும் பிழைத்தனர். அதே மாநிலத்திற் பிளெயின்வியூவுக்கு அண்மையிற் கற்பித்த லோயிஸ் றோய்ஸ், மூன்று சிறு பிள்ளைகளுடன் பாடசாலையிலேயே தங்கியிருந்தார். எரிபொருள் தீர்ந்துபோகவே, சிறிது தொலைவிலிருந்த தமது தங்குமிடத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றார். அக்குறுந்தூரத்தில் வழி தவறியது. மூன்று பிள்ளைகளும் அவரருகிலேயே உறைந்து மாண்டனர். அவர் தம் பாதங்களை இழந்தார். தென்கிழக்கு டகோட்டாவிற் பாடசாலையை விட்டுப் புறப்பட்ட ஐந்து சிறுவர் மூன்று நாட்களின் பின் ஞாயிற்றுக்கிழமையன்று சடலங்களாகக் கண்டெடுக்கப்பட்டனர். எரிபொருள் போதியதாயிருந்த வேறிடங்களில், பிள்ளைகளை இரவு முழுவதும் பாடசாலையிலேயே வைத்திருந்து காப்பாற்றிய ஆசிரியரும் உளர்.

இவற்றை ஒப்பிட்டு நோக்கின், அறிவு ஓரிடத்தும் அறியாமை பிறிதோரிடத்தும் செயற்பட்டன என்று கூறுதல் பொருந்தாது. ஃபிறீமனும் றோய்ஸும் செய்தது ஒரே செயலே. இருவரும் வெளியேறினர்; இருவரும் வெளியேறும்படி நிர்ப்பந்திக்கப்பட்டனர். ஒருவரை நிர்ப்பந்தித்தது உறுதியற்ற கூரை. மற்றவரை நிர்ப்பந்தித்தது வெறுமையாகிய எரிபொருட் பெட்டி. கூரையையும் எரிபொருளையும் வழங்க வேண்டிய கடமை ஆசிரியையுடையதன்று. அது பாடசாலையை நிறுவிய சமூகத்தினுடையது.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. குறித்த அளவுக்குக் கீழ் வெப்பநிலை இறங்கினாற் பாடசாலை மூடப்படல் வேண்டும் என்ற விதி அன்று நடைமுறையிலிருந்ததாகக் கொள்வோம். ஜனவரி 12 காலை இதமான காலையாதலின், அவ்விதியின்படியும் பாடசாலைகள் திறந்தே இருந்திருக்கும். கொன்றது காலையில் நிலவிய குளிர் அன்று. பிற்பகலில் வரவிருந்த குளிர். ஆகவே அளவீட்டினும் முன்னறிவித்தலே முதன்மை பெறுகின்றது.

எச்சரிக்கையும் புகழுரையும்

அக்காலத்தில் வானிலை அறிவிப்பு அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவின் பொறுப்பிலிருந்தது. மினசோட்டாவின் சென்ற் போல் நகரில் லெப்டினன்ற் தோமஸ் வுட்றவ் இப்பிரதேசத்துக்கான அறிவிப்புக்களை வெளியிட்டு வந்தார். பனியும் அதனைத் தொடர்ந்து குளிரும் வருமென்பது முன்னறிவிக்கப்படாமலில்லை. ஆயின் அறிவிப்புத் தந்திக்கம்பி வழியே புகையிரத நிலையங்கள் வரையே சென்றது. நடுவிற் கருஞ்சதுரம் பொறித்த வெண்கொடி ‘குளிரலை’ வருவதை உணர்த்தும் அடையாளமாகும். அக்கொடியைக் காணக்கூடியவர் நகரத்தவரே. தந்தியோ கொடியோ எட்டாத புல்வெளியிலிருந்த ஓரறைப் பாடசாலைக்கு அவ்வறிவால் விளைந்த பயன் யாதுமில்லை. 1891 இல் வானிலைச் சேவை இராணுவத்திடமிருந்து விவசாயத் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்துக்கு நிர்வாகக் காரணங்கள் பல உண்டாயினும், வானிலை அறிவு உழவருக்கும் உரியது என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது.

புயலின் பின் பத்திரிகைகள் வீராங்கனைகளைத் தேடின. ஒமாகா நகரப் பத்திரிகையொன்று நிதி திரட்டிற்று. ஃபிறீமனைப் போற்றும் பாடலொன்றும் அச்சாயிற்று. இப்பாராட்டு தகுதியற்றதன்று. எனினும் அது ஒரு திரையாகவும் அமைந்தது. தனியொருவரின் துணிவு போற்றப்படும்போது, அத்துணிவு ஏன் தேவைப்பட்டது என்ற வினா பின்தள்ளப்படுகின்றது. வீரத்தைக் கொண்டாடிய சமூகம், நல்ல கூரை எத்தனை பாடசாலைக்கு உண்டு எனக் கணக்கெடுக்க விரையவில்லை.

அனுப்புதலே ஆபத்தாதல்

இருபதாம் நூற்றாண்டிற் சிறு பாடசாலைகள் இணைக்கப்பட்டு, தொலைவிலுள்ள பிள்ளைகள் பஸ் வண்டிகளில் ஏற்றிவரப்பட்டனர். இதனால் நடந்துசெல்லும் ஆபத்துக் குறைந்தது. வேறோர் ஆபத்துத் தோன்றியது. 1931 மார்ச் 26 அன்று கொலராடோ மாநிலத்தின் ரௌனர் என்னும் ஊருக்கு அண்மையில், புயல் வலுப்பதைக் கண்ட ஆசிரியர்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தனர். இருபது பிள்ளைகளுடன் புறப்பட்ட வண்டி வழிதவறிப் பள்ளத்திற் சிக்கிக்கொண்டது. உதவி தேடி நடந்த சாரதி கார்ல் மில்லர் வழியிலேயே உறைந்து மாண்டார். ஏறத்தாழ 33 மணித்தியாலங்களின் பின்னரே வண்டி கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பிள்ளைகள் இறந்தனர். அவர்களுள் ஒருத்தி சாரதியின் மகள்.

1888 உம் 1931 உம் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. பாடசாலையை மூடுதல் இயல்பாகவே பாதுகாப்பான செயல் என்று கொள்ளலாகாது. பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படுமுன் மூடுதல் ஒன்று. பாடசாலையை அடைந்த பின் மூடுதல் முற்றிலும் வேறொன்று. முன்னது பிள்ளையைக் காற்றினின்று காப்பது. பின்னது அதனைக் காற்றின் கையிற் கொடுப்பதாகலாம்.

எரிபொருளும் குளிரின் அளவையும்

1977 ஆம் ஆண்டின் குளிர்காலம் இவ்வினாவுக்குப் பிறிதொரு முகத்தைக் கொடுத்தது. இயற்கை வாயுத் தட்டுப்பாட்டினால் ஒஹாயோ முதலிய மாநிலங்களிற் பாடசாலைகள் மூடப்பட்டன. வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வாயுவைச் சேமிப்பது நோக்கமாயிருந்தது. கொலம்பஸ் நகரில் அவ்வாண்டு பெப்ரவரியிற் தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள் ஆகியவற்றின் வழியே பாடங்கள் நடத்தப்பட்டன. கட்டடம் மூடப்படினும் கல்வி மூடப்பட வேண்டியதில்லை என்பதைக் காட்டிய முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

குளிரை அளக்கும் முறையும் இதனிடையே மாறிற்று. அந்தாட்டிக்காவில் நீர் உறையும் வேகத்தைக் கொண்டு ஆராய்ந்த போல் சைப்பிள், சாள்ஸ் பசல் ஆகிய இருவரும் 1945 இல் காற்றினால் வெப்பம் இழக்கப்படும் அளவைக் கணித்து வெளியிட்டனர். மனிதரின் முகத்திற் செய்த பரிசோதனைகளைக் கொண்டு கனடாவும் அமெரிக்காவும் 2001 இல் இக்கணிப்பைத் திருத்தியமைத்தன. காற்றுக்குளிர்ச் சுட்டி -28 அளவை எட்டும்போது 10 முதல் 30 நிமிடங்களிலும், -40 அளவை எட்டும்போது 5 முதல் 10 நிமிடங்களிலும் திறந்த தோல் உறையக்கூடும் எனக் கனடிய வழிகாட்டல் கூறுகின்றது. பஸ்ஸுக்காகக் காத்துநிற்கும் நேரத்தோடு இதனை ஒப்பிடுகையில், சுட்டியின் நடைமுறைப் பயன் தெளிவாகும். தாமதித்துத் தொடங்கும் வழக்கத்துக்கும் பௌதிக அடிப்படை உண்டு. ஒரு நாளின் தாழ்ந்த வெப்பநிலை பொதுவாகச் சூரியோதயத்தை அண்டியே நிலவும். இரண்டு மணித்தியாலத் தாமதம் பிள்ளையை அவ்வேளையினின்று விலக்குகின்றது. குளிரில் மெழுகாய்த் திரளும் டீசல் எண்ணெயால் இயங்க மறுக்கும் வண்டிகளைச் சீர்செய்யவும் அது அவகாசம் தருகின்றது.

ஆயினும் எந்த அளவு ‘மிகக் கடுமையானது’ என்பது இடத்துக்கிடம் வேறுபடும். சைபீரியாவின் யாக்கூத்தியாவிற் சுமார் -45 பாகை செல்சியசில் சிறு வகுப்புக்களுக்கும், -50 அளவை அண்டியோ கடந்தோ மேல்வகுப்புக்களுக்கும் விடுமுறை அளிக்கும் படிமுறை வழக்கத்திலுள்ளது. அத்தகைய நாட்களைக் குறிக்கும் உருசியச் சொல், அதிகாரபூர்வமான பத்திரத்தாற் பதியப்பட்ட நாள் என்னும் பொருளடியிற் பிறந்தது. அங்கு தீர்மானம் ஆசிரியரின் தோளில் இல்லை, விதியில் உள்ளது. உடையும் வீடும் வெப்பமூட்டலும் குளிருக்கேற்ப அமைந்த சமூகமாதலின் அவ்விதியின் எல்லையும் ஆழத்தில் உள்ளது.

இன்றைய விவாதம்

மினசோட்டாவில் ஆளுநர் ஆர்ணி கார்ல்சன் 1997 இல் மாநிலம் முழுவதும் பாடசாலைகளை மூடுவித்தார். அதன் பின் அத்தகைய கட்டளை 2014 ஜனவரி 6 அன்று ஆளுநர் மார்க் டேற்றன் காலத்திலேயே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தனியொரு ஆசிரியை ஏற்ற பாரம் மாநிலத்தின் தலைவரிடம் சென்றடைந்தமை ஒரு நூற்றாண்டு கால மாற்றத்தின் சுருக்கமெனலாம்.

மூடலை எதிர்ப்போர் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. வறிய பிள்ளைக்குப் பாடசாலை நூலறிவு வழங்கும் இடம் மட்டுமன்று. உணவும் வெப்பமும் கிடைக்கும் இடமுமாகும். வேலையை விட இயலாத பெற்றோரின் பிள்ளை, மூடல் நாளில் வெப்பமற்ற வீட்டிற் தனித்திருக்க நேரலாம். மறுபுறத்தில், மசச்சூசெட்ஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு ஜோஷுவா குட்மன் 2014 இல் வெளியிட்ட ஆய்வு, பனியினால் முழுப் பாடசாலையும் மூடப்படுவது தேர்ச்சியைப் பாதிக்கவில்லை எனவும், சில மாணவர் மட்டும் சமூகமளிக்காதிருத்தலே பாதிக்கின்றது எனவும் காட்டிற்று. வகுப்பு முழுவதும் ஒருங்கே இழந்த நாளை ஆசிரியர் ஈடுசெய்யலாம். சிதறி இழந்த நாட்களை ஈடுசெய்தல் அரிது. கதவைத் திறந்து வைப்பதனால் மட்டும் கல்வி சமமாக வழங்கப்பட்டுவிடாது என்பது இதன் உட்பொருள்.

முடிவுரை

பெருஞ்சமவெளியின் அனுபவத்திலிருந்து பெறப்படும் முடிவுகள் சிலவாகும். முதலாவது, தீர்மானம் பிள்ளைகள் புறப்படுமுன், முன்னறிவிப்பைக் கொண்டு எடுக்கப்படல் வேண்டும். இரண்டாவது, பாடசாலைக்கு வந்துவிட்ட பிள்ளையை இரவு வரையும் காத்துவைக்கும் உறுதியான கூரையும் போதிய எரிபொருளும் உணவும் அங்கு இருத்தல் வேண்டும். மூன்றாவது, மூடுதலை நியாயப்படுத்தும் சமூகம், மூடிய நாளில் வறிய பிள்ளை எங்கே இருக்கும் என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. லோயிஸ் றோய்ஸ் குறுகிய தூரத்திற் தோற்றார். அத்தோல்வி அவரது தீர்மானத்திற் தொடங்கியதன்று. எரிபொருட் பெட்டி வெறுமையாக விடப்பட்ட நாளிலேயே அது தொடங்கிவிட்டது.