வாசனைத் திரவியங்கள்: நூம்பல் வட்டாரத்துத் தற்காலப் போக்குகள்

வாசனைத் திரவியம் என்பது, மேனியிலோ ஆடையிலோ கூந்தலிலோ இட்டுக்கொள்வதற்கென்று, பூ, மரம், வேர், பிசின், பிராணிகளின் சுரப்பு முதலியவற்றிலிருந்தேனும், இரசாயன முறையில் ஆக்கிய சேர்மங்களிலிருந்தேனும் தயாரிக்கப்படும் பரிமளப் பொருளாகும். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, வேலப்பன்சாவடிக்கும் திருவேற்காட்டுக்கும் அணித்தாக உள்ள நூம்பல், இப்பொருள்களை ஆக்கும் ஊர் அன்று. வாங்கிப் பூசிக்கொள்ளும் ஊர். ஆயினும், ஓசூர்ப் பக்கத்து ரோஜாவை ஏற்றிய வண்டிகள் கோயம்பேட்டுச் சந்தைக்குப் போகும் பாதையில் அது இருப்பதாலும், வானகரம் தொடங்கி வரிசையாக நிற்கும் கல்யாண மண்டபங்களும், வேலப்பன்சாவடியின் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளும் அதற்கு அக்கம்பக்கமாக அமைந்திருப்பதாலும், தமிழர் வாசனை வழக்கத்தின் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒரு சேரக் காண விரும்புவோர்க்கு இவ்வட்டாரம் நல்லதோர் உதாரணமாகும்.

இவ்வட்டாரத்துக்கும் மலருக்கும் உள்ள உறவு புராதனமானது. பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் தாயாரின் திருநாமமே புஷ்பவல்லி. இராமானுசருக்கு வழிகாட்டியாய் விளங்கிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஸ்தலமும் இதுவே. அவர் இங்கே நந்தவனம் அமைத்து, பறித்துத் தொடுத்த மாலைகளை நாள்தோறும் காஞ்சிக்கு எடுத்துச் சென்று வரதனுக்குச் சமர்ப்பித்தார் என்பது வைணவ சம்பிரதாயம் கூறும் வரலாறு. மாலை வாடுமுன் அவ்வளவு தூரத்தை நடந்து கடப்பது எங்ஙனம் என்று கேட்பவர்க்குப் பக்தர்கள் தக்க விடை வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டுவது, வாடிப்போவதைப் பொருட்படுத்தாமல் தினமும் புதுப்பிக்கப்பட்ட ஒன்றாகவே இங்கே வாசனை கருதப்பட்டது என்பதே. இதற்கும் முற்பட்ட காலத்தின் ஐசுவரியத்தைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். பத்துவகைத் துவர்ப்புப் பொருளாகிய துவரும் ஐந்துவகை மணப்பொருளாகிய விரையும் முப்பத்திரண்டுவகை நறுமூலிகையாகிய ஓமாலிகையும் ஊறிய நீரில் நாடகக் கணிகை மாதவி நீராடிய செய்தி கடலாடு காதையில் வருகிறது. விரை ஐந்தும் கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று உரைவழி அறியப்படுகின்றன. இவற்றுள் அகிலும் ஆரமாகிய சந்தனமும் இன்றைய விலையுயர்ந்த குப்பிகளிலும் தலைமை இடத்தில் இருப்பதைக் கவனிக்கும்போது, புதிய போக்கு என்று விளம்பரப்படுத்தப்படுவதில் எவ்வளவு புதியது என்ற ஐயம் எழாமற்போகாது.

முந்தைய தலைமுறைகளின் வழக்கத்தில் பரிமளம் பெரும்பாலும் ஒருவர் மற்றவருக்கு அளிப்பதாக இருந்தது. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்பைக் குலுக்கித் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டி, கற்கண்டை எடுத்துக்கொள்ளச் சொல்லும் உபசாரத்தில், வருகிறவர் எந்த வாசனையை விரும்புகிறார் என்று எவரும் கேட்பதில்லை. சந்தனத்தை விரலால் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்ட அனைவரும் அன்று ஒரே வாசனையோடு பந்தியில் அமர்ந்தார்கள். எண்ணெய் தேய்த்து முழுகிய கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் ஆற்றியதும், மல்லிகையோடு மருவும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டிய கதம்பத்தைச் சூட்டிவிட்டதும் தாயோ பாட்டியோதான். ‘எனக்கென்று ஒரு வாசனை’ என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. இக்காலத்தில் நேர்ந்த பெரிய மாறுதல், திரவியங்களின் தன்மையில் நேர்ந்ததைக் காட்டிலும், இந்த எண்ணத்தில் நேர்ந்ததே என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். மண்டபங்களில் பன்னீர் உபசாரம் இன்னும் நின்றுவிடவில்லை. ஆனால் பல இடங்களில் மின்விசையால் இயங்கும் கருவியொன்று அப்பணியை ஏற்றுக்கொண்டு, பட்டுப்புடவைக்காரர், மூக்குக்கண்ணாடிக்காரர் என்ற தாட்சணியம் பாராமல் எல்லார்மீதும் தூவிக்கொண்டிருக்கிறது.

பிராணிகளிடமிருந்து பெறும் திரவியங்களில் தமிழர் நன்கறிந்தவை புனுகும் ஜவ்வாதும். புனுகுப் பூனையின் சுரப்பாகிய புனுகு, தேவாலயங்களில் திருமேனிக்குச் சாத்தும் பொருளாகப் போற்றப்படுகிறது. திருப்பதியில் வேங்கடேசருக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகத்தோடு சேர்ந்து இது பிரயோகமாகிறது. கடைகளில் ஜவ்வாது என்று விற்கும் தூளோ, இன்று பெரும்பாலும் கஸ்தூரி, சந்தன வாசனையுள்ள செயற்கைக் கலவையே. சுண்டுவிரல் உயரமுள்ள குப்பியின் மூடியைத் திறந்து, விரல் நுனியில் ஒட்டுமளவு எடுத்து, காதின் பின்புறத்திலும் கழுத்துக் குழியிலும் தேய்த்துக்கொள்வது பழைய முறை. பூஜை சாமான் கடையின் சரக்காகவே நெடுநாள் ஒதுக்கப்பட்டிருந்த இது, சில ஆண்டுகளாக உருட்டிப் பூசும் குப்பிகளில் இளைஞரிடம் திரும்பி வந்திருக்கிறது. வியர்வை மிகுந்த தேகத்தில் சாராயம் கலந்த தெளிப்புகளைவிட ஜவ்வாது நெடுநேரம் பற்றி நிற்பதே இதற்குக் காரணம். பழமையில் உண்டான பற்று இரண்டாவது காரணமாகவே இருக்க வேண்டும்.

எத்தில் சாராயத்தில் வாசனை எண்ணெய்களைக் கரைக்கும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709-இல் தொடங்கிய ஃபரீனாவின் வாணிகம் அந்நகரப் பெயரையே ஒருவகை வாசனை நீருக்கு அளித்தது. 1868-இல் ஆங்கில இரசாயன அறிஞர் பெர்க்கின் கூமரின் என்ற வாசனைச் சேர்மத்தைச் செயற்கையாக ஆக்கிய பின்னர், பூவில்லாமலே பூ மணக்கச் செய்யும் வித்தை பிறந்து, 1882-இன் ‘ஃபூஜேர் ரோயால்’, 1921-இன் ‘ஷனேல் எண் 5’ ஆகிய வாசனைகளில் அது முதிர்ந்தது. கரைசலில் வாசனை எண்ணெயின் பங்கு நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை இருப்பது ‘ஓ டி டாய்லெட்’ என்றும், பதினைந்து முதல் இருபது வரை இருப்பது ‘ஓ டி பர்ஃபம்’ என்றும் பொதுவாக வழங்கப்படுகின்றன. எல்லை யாதும் கண்டிப்பானதன்று. பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பி விலை கொடுப்பவர் ஏமாறுவதும் உண்டு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் சென்றுவந்த குடும்பங்களில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் முகப்பவுடரே வாசனையின் பிரதிநிதி. பாண்ட்ஸ், குட்டிகூரா, கோகுல் சாண்டால் என்ற பெயர்களைக் கேட்டவுடன் அந்தந்தத் தகர டப்பாவின் மணம் நினைவுக்கு வராத தமிழர் அக்காலத்தில் குறைவு. ‘சென்ட்’ என்பது கல்யாணத்துக்கும், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர் கொடுத்த ஒரு குப்பிக்கும் உரிய விசேஷப் பொருள். 1999-இல் ‘ஆக்ஸ்’ தெளிப்பான் இந்தியச் சந்தைக்கு வந்ததும், கல்லூரி மாணவரின் பையில் தெளிப்பான் நிரந்தர இடம் பிடித்தது. பின்னர் 2011-இல், குப்பியில் உந்துவாயு இல்லை, உள்ளதெல்லாம் வாசனை நீரே என்று சிக்கனத்தை முன்னிறுத்தி ‘ஃபாக்’ வந்து, குறுகிய காலத்தில் முன்னணிக்கு உயர்ந்தது. கொடுக்கும் காசுக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் பார்த்தே எதையும் வாங்கும் நடுத்தரக் குடும்பத்தின் மனோபாவத்தை அந்த விளம்பரம் அறிந்திருந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் 2013-இல் ‘ஸ்கின்’ என்ற பெயரில் வாசனைக் குப்பிகளை வெளியிட்டது. வியர்வை நாற்றத்தை மறைக்கும் சாதனம் என்ற நிலையிலிருந்து, பரிசளிக்கத் தக்க ஆபரணம் என்ற நிலைக்கு வாசனை நகர்ந்ததற்கு இது ஓர் அடையாளம்.

தற்காலப் போக்குகளில் முதலாவதாகக் குறிக்க வேண்டியது அரபு நாட்டு வாசனைகளின் செல்வாக்கு. ஊது என்ற அகிற்கட்டை வாசனை, ரோஜா, குங்குமப்பூ, அம்பர் ஆகியவற்றோடு கலந்து, துபாயில் ஆக்கப்படும் லத்தாஃபா, அர்மாஃப், ரசாசி முதலிய குப்பிகளாகப் பேன்சி ஸ்டோர் வரை வந்துவிட்டது. இவற்றுள் கணிசமானவை ஐரோப்பியப் புகழ்க் குப்பிகளின் சாயலில், அவற்றின் கிரயத்தில் சிறு பகுதிக்கு விற்கப்படுவன. அர்மாஃபின் ஒரு குப்பி கிரீட் நிறுவனத்தின் ‘அவென்டஸ்’ சாயல் கொண்டதென்று உலகெங்கும் பேசப்படுவது இதற்கு நன்கறிந்த உதாரணம். பெயரையும் குப்பியையும் களவாடும் போலி வேறு, மணத்தை மட்டும் ஒத்திருக்கும் பிரதி வேறு. வாசனைக்குப் பதிப்புரிமை கோருவது பெரும்பாலான நாடுகளில் இயலாத காரியமாதலால், பின்னது சட்டத்துக்குள்ளேயே நடமாடுகிறது. அவ்வாறே வளைகுடாவில் பெயர்பெற்ற அஜ்மல் வாசனை நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அசாம் மாநிலத்துக்காரர் என்பதையும், அகில் மரம் அங்கே வளர்வது என்பதையும் நினைத்தால், வளைகுடா வாசனை என்று நாம் வாங்குவதில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்தே புறப்பட்டுச் சுற்றிவந்தது எனலாம்.

இரண்டாவது போக்கு தித்திப்பு. 1992-இல் ‘ஏஞ்சல்’ என்ற குப்பி சர்க்கரைப் பாகு மணத்தைத் தரும் எத்தில் மால்டாலைத் தாராளமாகப் பயன்படுத்தி வெற்றி கண்டது முதல், வெனிலா, சாக்லேட், பேரீச்சம்பழம், காபி ஆகிய தின்பண்ட மணங்கள் மேனிக்கு ஏறின. ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு இது இதமாயிருக்கலாம். சித்திரை மாதத்து மாலையில், கதவடைத்த மின்தூக்கியில், நான்கு பேர் நான்குவகைப் பாகு மணத்தோடு நிற்கும்போது அதன் குணம் வேறாகிறது. வெப்பத்தில் எலுமிச்சை, நாரத்தை போன்ற இலேசான மணங்கள் சில நிமிஷங்களில் ஆவியாகிவிட, கனத்த தித்திப்பு மட்டும் வியர்வையோடு எஞ்சி ஊதிப் பெருகுகிறது. ஆகவே வெட்டிவேர், சந்தனம், மல்லிகை ஆகியவற்றையே அளவாக இட்டுக்கொள்வது இத்தட்பவெப்பத்துக்கு ஏற்றது என்று பரிந்துரைப்பதில் பழமைவாதம் ஒன்றும் இல்லை.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று வாசனைகளை அடுக்கிப் பூசுவதும், ஆண், பெண் என்ற பேதமின்றி ஒரே குப்பியைப் பயன்படுத்துவதும், பெரிய குப்பியை வாங்காமல் ஐந்து, பத்து மில்லிலிட்டராகப் பிரித்து விற்பதை வாங்கிப் பார்ப்பதும் இளைஞரிடையே காணப்படும் ஏனைய பழக்கங்கள். சாராயம் சேராத அத்தரை நாடுவோரும் பெருகுகின்றனர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில், செம்புக் கொப்பரையில் பூவை வேகவைத்து, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்யும் அத்தரைத் திருவல்லிக்கேணி, மண்ணடிக் கடைகளில் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் தீற்றிக் காட்டுவார்கள். தெரிந்த வாடிக்கைக்காரர் சிறு பஞ்சுத் துணுக்கை அதில் தோய்த்துக் காது மடலில் செருகிக்கொண்டு போவார். சந்தன எண்ணெயின் விலை ஏறிவிட்டதால், மலிவான அத்தர்களில் வேறு எண்ணெயே அடிப்படையாகிறது.

இவ்வளவு குப்பிகளுக்கும் மூலமாகிய மலர்களில் மல்லிகை இனத்துக்குத் தமிழ்நாடு உலகின் முக்கிய விளைநிலங்களுள் ஒன்றாகும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிட்டியது. மாலை கட்ட மொட்டு வேண்டும்; சாறெடுக்க விரிந்த மலர் வேண்டும். ஆகையால் பிச்சி எனப்படும் ஜாதிமல்லியை விடியற்காலையில் விரிந்த நிலையில் பறித்து உடனே ஆலைக்கு அனுப்புகிறார்கள். குண்டுமல்லியையோ பகலில் மொட்டாகப் பறித்து, ஆலையில் பரப்பிவைத்து, இரவில் இதழ் விரிந்து மணம் உச்சத்தை அடையும் நேரம் பார்த்துக் கலத்தில் இடுகிறார்கள். கொடியிலிருந்து பிரிந்த பின்னும் மணத்தைச் சுரந்துகொண்டேயிருப்பது இம்மலரின் இயல்பு. துளையிட்ட தட்டுகளில் அடுக்கிய மலர்மேல் ஹெக்சேன் திரவத்தைச் செலுத்தி, பின் அத்திரவத்தைக் குறைந்த அழுத்தத்தில் வடித்து நீக்கினால், மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எஞ்சுகிறது. அதைச் சாராயத்தில் கரைத்துக் குளிரூட்டி மெழுகைப் பிரித்தால் ‘அப்சல்யூட்’ என்ற சாறு கிடைக்கிறது. ஆயிரம் கிலோ ஜாதிமல்லியில் தேறும் கான்கிரீட் ஏறத்தாழ மூன்று கிலோ. அப்சல்யூட் அதில் பாதியளவே. இதில் இன்டோல் என்ற சேர்மம் உண்டு. தனியே முகர்ந்தால் துர்க்கந்தம். அளவோடு கலந்திருக்கும்போதோ மல்லிகைக்கு அந்த முதிர்ந்த கவர்ச்சியைத் தருவது அதுவே.

இச்சாற்றின் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறி, அங்கே கலவையாகி, குப்பியில் அடைபட்டு, நூம்பல் வீட்டு அலமாரிக்கும் வந்துசேரலாம். ஆனால் ஆலை எப்போதும் முதல் கொள்முதல்காரர் அன்று. பங்குனி தொடங்கிப் பூ பெருகி, முகூர்த்தமில்லாத நாட்களில் சந்தை விலை சரியும்போது, மிஞ்சும் மலர் ஆலைக்குப் போகிறது. தை மாதத்தில் பனியால் வரத்துக் குறைந்து, முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்து, கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறும்போது, ஆலை கொடுக்கும் விலைக்கு விவசாயி இசைவதில்லை. அந்த வாரங்களில் பறித்த மொட்டெல்லாம் பூச்சந்தைகளுக்கே செல்கிறது.