ரியோ திந்தோ: பாறை, நுண்ணங்கி, மூலதனம்

ஸ்பெயினின் தென்மேற்கே உவெல்வா மாகாணத்தில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம் ஓடும் ரியோ திந்தோ ஆற்றின் நீர் செந்நிறமானது. எலுமிச்சஞ்சாற்றை ஒத்த அமிலத்தன்மை உடையது. உரோமர் காலத்துக்கு முன்பிருந்தே அவ்வாற்றின் தலைப்பகுதியில் வெள்ளியும் செம்பும் அகழப்பட்டு வந்தன. ஆறு இவ்வாறானமைக்குச் சுரங்கத்தொழிலே முழுக் காரணம் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. ஆயின் சுரங்கங்கள் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்னரே அமில நீரிலிருந்து படிந்த இரும்பு ஒட்சைட்டுப் படிவுகள் பள்ளத்தாக்கின் மேட்டுத்திட்டுகளிற் காணப்படுகின்றன. மனிதன் அங்கு வருமுன்பே பாறையைக் கரைக்கும் தொழில் நடைபெற்றது. அதனைச் செய்தவை நுண்ணங்கிகள்.

அங்குள்ள பாறைகளில் மிகுந்திருப்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று என்னும் கனியம். காற்றும் நீரும் பட அது தானாகவும் ஒட்சியேறும். எனினும் அமில நீரில் பெரசு இரும்பு பெரிக்கு இரும்பாக மாறும் படிநிலை மிக மந்தமானது. அங்கேதான் பற்றீரியம் தலையிடுகிறது. பெரசு இரும்பை ஒட்சியேற்றும்போது கிடைக்கும் சொற்ப சக்தியே அதன் வாழ்வாதாரம். அதனால் உண்டான பெரிக்கு இரும்பு மீண்டும் பைரைற்றைத் தாக்கி, மேலும் பெரசு இரும்பையும் சல்பூரிக்கமிலத்தையும் விளைவிக்கிறது. இந்த மந்தமான படிநிலையின் வேகத்தைப் பற்றீரியங்கள் பத்து இலட்சம் மடங்குக்கு மேலாக உயர்த்தவல்லன என 1970இல் சிங்கரும் ஸ்ரும்மும் காட்டினர். கரைந்த இரும்பின் ஒரு பகுதி ஜறோசைற்று, கோதைற்று முதலிய புதுக் கனியங்களாகப் படிகிறது.

1873இல் ஸ்பானிய அரசு இச்சுரங்கங்களை விற்றது. இலண்டனில் நிறுவப்பட்ட ரியோ திந்தோ கம்பெனி அவற்றுக்கு உரிமையாளராயிற்று. தாதிலிருந்து செம்பைப் பெற இரு வழிகள் இருந்தன. தாதைக் குவித்து நீர் பாய்ச்சி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஒன்று. வெளியிற் குவித்து மாதக்கணக்கில் எரித்து, பின்னர் நீரிற் கரைப்பது மற்றையது. முதலாவது நுண்ணங்கியின் வழி. அன்று எவரும் அதனை அறியார். இரண்டாவது தீயின் வழி. மூலதனம் எதை விரும்பிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கந்தகப் புகை பயிர்களை அழித்தது. புகை கம்பளிபோல் மூடி வேலை தடைப்பட்ட நாட்களில் தொழிலாளருக்கு அரைக்கூலியே கிடைத்தது. 1888 பெப்ரவரி 4ஆந் திகதி தொழிலாளரும் விவசாயிகளும், பெண்களும் சிறுவருமாக, எரிப்பை நிறுத்துமாறு கோரித் திரண்டனர். படையினர் சுட்டனர். இறந்தோர் பதின்மூவர் என்றது அரசாங்கக் கணக்கு. மக்கள் நினைவில் அத்தொகை நூற்றைத் தாண்டும். அவ்வாண்டே விதிக்கப்பட்ட எரிப்புத் தடை 1890இல் நீக்கப்பட்டது.

அதே 1888இல் வினோகிராட்ஸ்கி இரும்புப் பற்றீரியங்கள் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். முந்திய ஆண்டில் கந்தகப் பற்றீரியங்களைப் பற்றி எழுதியிருந்தார். சேதனப் பொருளன்றி அசேதனப் பொருளை ஒட்சியேற்றியும் உயிர் சக்தி பெறலாம் என்ற அவரது கருத்து, கனியத்தை உயிரின் உணவாகக் கண்டது. அவர் ஆராய்ந்த இரும்பு இனங்கள் சிலவற்றுக்கு அது பொருந்துமா என்பது பின்னர் சர்ச்சைக்குள்ளாயிற்று, கருத்தோ நிலைத்தது. ஆயினும் ஆய்வுகூடத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. 1947இல் கோல்மரும் ஹிங்கிளும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரிலிருந்து இரும்பை ஒட்சியேற்றும் பற்றீரியத்தைப் பிரித்தெடுத்தனர். 1951இல் அது தயோபசிலசு பெரோஒட்சிடன்சு எனப் பெயர் பெற்றது.

ரியோ திந்தோவில் 18ஆம் நூற்றாண்டிலேயே செம்பு கரைந்த நீரை இரும்புத் துண்டுகளின் மேற் பாய்ச்சிச் செம்பு பெறப்பட்டது. பற்றீரியத்தைக்கொண்டு தாதைக் கரைக்கும் முறைக்கான காப்புரிமை 1958இல் அமெரிக்காவின் கெனிகொற் செம்புக் கூட்டுத்தாபனத்துக்கு வழங்கப்பட்டது. பற்றீரியமோ, குவியலுக்கு நீர் பாய்ச்சியவனோ அதில் உரிமை கோரவில்லை.