ஹொக்குசாயின் விளையாட்டுக் கோடுகள்

பாடநூல் சிரிக்கவும் வைக்கலாமோ? ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் (1760–1849) அத்தகைய நூலொன்றை ஆக்கித் தந்தார்.

1812ஆம் ஆண்டில் அவர் நகோயா நகரில், போகுசென் என்னும் மாணாக்கர் இல்லத்தில் தங்கினார். அங்கே ஏறத்தாழ 300 சித்திரங்கள் தீட்டினார். அவற்றினின்று பிறந்ததே 1814இல் வெளிவந்த ‘ஹொக்குசாய் மங்கா’வின் முதல் தொகுதி. ‘மங்கா’ என்பது மனம் போன போக்கில் வரைந்த சித்திரங்களைக் குறித்தது. இன்று அப்பெயரால் வழங்கும் படக்கதைகளைப் போல இதில் தொடர்கதை இல்லை.

நீராடுவோர், மற்போர் வீரர், முகத்தைக் கோணி வேடிக்கை காட்டுவோர், பருத்தோர், மெலிந்தோர், பறவை, பூச்சி, தொழிற்கருவி ஆகிய யாவும் இதில் கலந்து கிடக்கின்றன.

ஆயினும் இது வெறும் பொழுதுபோக்கன்று. ஓவியம் பயில்வோர்க்கு மாதிரி நூலாகவே வெளியிடப்பெற்றது. ஆசிரியரை நேரில் காண இயலாதவனும் இதைப் பார்த்து வரைந்து பழகலாம்.

இதற்கு ஓவியர் ஓர் இழப்பை ஏற்க வேண்டியிருந்தது. அச்சுக்கென வரைந்த தாளை மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் எஞ்சுமாறு சுற்றிலும் செதுக்குவர். அத்துடன் அத்தாள் அழிந்துவிடும். அவருடைய கைக்கோடு அழிந்தது. அதனைப் பார்த்துப் பழகும் கைகளோ பெருகின.

தொகுதிகள் 15 ஆயின. இறுதித் தொகுதி 1878இல், அவர் மறைந்து 29 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. வரைவதற்கு உயர்ந்த பொருளைத் தேடிக் காத்திருக்கும் மாணாக்கனுக்கு அந்நூல் உணர்த்துவது ஒன்றே: கண்ணெதிரே நிற்பதும் பாடமே.