கிண்ணம் செய்த கை

எங்கள் பல்லடத்திற்கு வடகிழக்கே, நொய்யலின் வடகரையில் உள்ளது கொடுமணல். மேலைக் கடற்கரைத் துறைகளுடன் பாலக்காட்டுக் கணவாய் வழியே வணிகம் நடத்திய பழம்பதி அது. அந்நாளில் யவனர் கலங்களில் கண்ணாடிக் கிண்ணங்களும் வந்தன. 1945-இல் அரிக்கமேட்டிலும், 2007 முதல் கேரளத்துப் பட்டணத்திலும் நடந்த அகழாய்வுகளில், புறத்தே வரிவரியாகப் புடைத்த உரோமானியக் கிண்ணங்களின் சில்லுகள் கிடைத்தன.

இவற்றை அச்சில் அழுத்தியே செய்தனர் என்று அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். இங்கிலாந்தின் கண்ணாடிக் கைவினைஞர்களான மார்க் டெய்லரும் டேவிட் ஹில்லும் அவற்றைத் தம் கையாலேயே மீண்டும் செய்து பார்த்தனர். இளகிய கண்ணாடி வட்டில் கருவியால் வரிகளை எழுப்பி, பின்னர் அதனைக் கவிழ்ந்த உருவொன்றின்மேல் படிந்து வளையவிட்டனர். பழங்கிண்ணத்தின் சாயல் அப்படியே அமைந்தது. பழைய சில்லுகளில் வரிகள் சற்றே ஏறுமாறாக இருப்பதன் காரணமும் விளங்கிற்று.

மாணவர்களே, பழமையென ஏமாற்றி விற்பது போலி; செய்து பார்த்து அறிவது ஆராய்ச்சி. கொடுமணல் மக்கள் பானைகளில் தம் பெயர்களைப் பொறித்தனர்; மணிகளைத் துளையிட்ட முறையை எழுதிவைத்த ஓடு ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. அதனை நம் கைகளே கற்றுச் சொல்லவேண்டும்.